காய்ந்த மண்ணை நம்பி பேஸ்மென்ட் குழி தோண்டாதீர்கள்

"நேத்துல இருந்து நிக்குதுங்க, ஒண்ணும் ஆகாது." குழி ஓரத்தில் நின்று மேஸ்திரி இப்படிச் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

கோவைப் பக்கத்துக் கரிசல் மண் சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும்போது 12 அடி செங்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும். துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரம்தான் மண்ணை இழுத்துப் பிடித்திருக்கிறது. வெட்டிய முகம் நாளாக நாளாகத் தண்ணீரை உறிஞ்சி உப்பும், அந்தப் பிடிப்பு விட்டுப்போகும். ஐப்பசி மழை வரை குழியைத் திறந்து போட்டால் கேட்கவே வேண்டாம்.

சரிவதற்கு முன் மண் பெரும்பாலும் அடையாளம் காட்டிவிடும். விளிம்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி, விளிம்பை ஒட்டியே நீளவாக்கில் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடும். அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். இதைவிட மோசமான தவறு எனக்குத் தெரியாது. 2 மீட்டர் ஆழ வெடிப்பில் தண்ணீர் நிறைந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2 டன் விசையோடு மண்ணைக் குழிப்பக்கம் தள்ளும். வெடிப்பைக் கண்டதும் ஆட்களை மேலே ஏற்றுங்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள். அப்புறம் வெடிப்பின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, காலையும் மாலையும் டேப் பிடித்து இடைவெளியைக் குறித்து வையுங்கள்.

லாரி வரவில்லை என்று தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஒரு யூனிட் (100 கன அடி) மண்ணே சுமார் 4 டன். குறைந்தது 1.5 மீட்டர் அல்லது குழி ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். கம்பிக்கட்டு, ஜல்லிக்கும் இதே கணக்குதான்.

நெருக்கமான தெருக்களில் பக்கத்து வீட்டுக் கருங்கல் அஸ்திவாரம் மூணு நாலு அடிதான் இறங்கியிருக்கும். அதற்குக் கீழே ஒரே நாளில் ஹிட்டாச்சி வைத்து வழித்தெடுத்தால் அந்த வீடு அந்தரத்தில் நிற்கும். சாய்த்து வெட்ட இடமில்லையென்றால், தோண்டும் முன்பே ஓரத்தில் பைல், அதாவது மண்ணைத் தடுத்து நிறுத்தும் ஆழமான தூண்கள், இறக்கிவிட வேண்டும். செலவுதான், ஆனால் உள்ளே இறங்கி வேலை செய்பவர்களின் உயிர் அதில் இருக்கிறது. பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி எங்கே என்றும் முதலிலேயே கேளுங்கள். மழையில்லாத நாளில் வெட்டுமுகம் கசிந்தால் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

தடுப்புச் சுவர் எழுந்த கையோடு பின்னால் மண் நிரப்புவதும் ஆபத்து. பல பேஸ்மென்ட் சுவர்கள், மேலே வரும் ஸ்லாப் தங்களைச் சாயாமல் தாங்கிப் பிடிக்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. அந்த ஸ்லாப் போட்டு கான்கிரீட் வலுவேறும்வரை முட்டுகளைக் கழற்றாதீர்கள், மண்ணும் தள்ளாதீர்கள்.