சைடு டிரம்முக்கு இடது கைய பழக்குறது எப்படி

பாண்டி கடற்கரை சாலையில ஆகஸ்ட் 15 அணிவகுப்பு பாக்குறப்ப சைடு டிரம் (நடந்துக்கிட்டே ரெண்டு குச்சியால அடிக்கிற டிரம்) அடிக்கிறவங்க கைய கவனிச்சு பாருங்க, சிலர் வலது கைல குச்சிய சுத்தியல் மாதிரி மேல இருந்து புடிச்சிருப்பாங்க, இடது கைல மட்டும் உள்ளங்கை மேல பாக்குற மாதிரி ஏந்தியிருப்பாங்க. அதுதான் டிரடிஷனல் கிரிப். அந்த காலத்து பட்டாளத்துல டிரம்ம தோள்ல வார் போட்டு தொங்கவிடுவாங்க, அது வலது பக்கமா சரிஞ்சு இடது ஓரம் தூக்கிக்கிட்டு நிக்கும், மேல இருந்து புடிச்சா இடது முட்டிய இறக்கை மாதிரி தூக்கிக்கிட்டே நடக்கணும், அதான் கைய திருப்பிட்டாங்க. நமக்கு இது புதுசு இல்ல, பறையில சிண்டு, அடிகுச்சின்னு ரெண்டு குச்சியையும் ஒரே மாதிரியா புடிக்கிறோம்?

சரி, புடிக்கிறது எப்படின்னா, யாருக்கோ கை குடுக்கப் போற மாதிரி இடது கைய நீட்டுங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்குல்ல, குச்சிய அதுல வைங்க. 16 இன்ச் குச்சின்னா பின்னாடியில இருந்து சுமார் 5 இன்ச் விட்டு. முதல் ஒரு வாரம் வேற விரலே வேணாம், அந்த பள்ளத்துல மட்டும் குச்சி நிக்கணும், கைய திருப்பி கீழ விட்டா அதுவா துள்ளணும். இத யாரும் பொறுமையா பண்ண மாட்டாங்க, நானும் பண்ணல, நேரா வேகத்துக்கு போனேன், ஸ்கூல் ஆண்டு விழால மேடையில குச்சி பறந்து முன் வரிசைல போய் விழுந்துச்சு.

அப்புறம் மோதிர விரல். நகத்துக்கும் முதல் கணுவுக்கும் நடுவுல குச்சி படுக்கணும், சுண்டு விரல் அதுக்கு அடில முட்டு குடுக்கும், ஆள்காட்டியும் நடுவிரலும் மேல சும்மா படிஞ்சிருக்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரல தொட்டுக்கிட்டு இருக்கும். நெறைய பேர் விடுற தப்பு இந்த கட்டைவிரல தூக்கிடுறது. மோதிர விரல் ஓரத்துல தோல் கொஞ்சம் எரியும், காய்ச்சிப் போனா சரியாயிடும், மணிக்கட்டோ முழங்கையோ வலிச்சா மட்டும் நிறுத்திடுங்க, இறுக்கி புடிக்கிறீங்கன்னு அர்த்தம்.

அடி எப்படி வரும்னா மணிக்கட்ட மேல கீழ ஆட்டக்கூடாது, பைக் சாவிய திருகுற மாதிரி முன்கை சுத்தணும். மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டுல வச்சு இடது கை மட்டும் 5 நிமிஷம், அப்புறம் ரெண்டு கையும் மாத்தி மாத்தி, அப்புறம் கைக்கு ரெண்டு ரெண்டா, அது ஒரே சத்தமா வந்தப்புறம் பாராடிடில்னு ஒரு அடி வரிசை: வல இட வல வல, இட வல இட இட. இடது கை அடி சன்னமா கேட்டா வலது கை அடிய குறைங்க, இடத ஓங்காதீங்க.

டிரம் செட் மட்டும்தான் வாசிக்கப் போறீங்கன்னா இது கட்டாயம் இல்ல, ரெண்டு கையும் ஒரே மாதிரி புடிக்கிறது சுலபம். ஆனா ஜாஸ்ல பட்டி ரிச் புடிச்சது இப்படித்தான், போலீஸ் பேண்ட் ஸ்டூவர்ட் கோப்லேண்டும்தான் (நம்ம ஊர் போலீஸ் பேண்ட் இல்லங்க, அது ராக் குரூப்).

டிரம்முக்கு பதிலா அடிச்சு பழகுற ரப்பர் பேட் இல்லனா பழைய மவுஸ் பேட ஒரு பலகைல ஒட்டிக்கங்க, இடது பக்கம் அடில ஒரு நோட்டு வச்சு கொஞ்சம் தூக்குங்க, கை தானா படியும்.