ஆடியில் விதைத்தால் போதாது: ஐப்பசி மழைக்கு முன் தோட்டத்தில் முடிக்க வேண்டியவை

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். விதைத்ததை வடகிழக்குப் பருவமழையில் காப்பாற்றும் வேலைகள் ஆவணி, புரட்டாசியில் இருப்பதுதான் பலருக்கு மறந்துவிடுகிறது. தமிழகத்தில் அந்த மழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு 4 வாரம் முன்பே நாற்றை நட்டால்தான் மழைக்குள் வேர் பிடித்திருக்கும். ஆகவே நாற்று நடும் நாளை செப்டம்பர் 20 என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மிளகாய் நாற்றுக்கு 40 முதல் 45 நாள் ஆகும். ஆடிப்பெருக்கை ஒட்டி விதையுங்கள். கத்தரிக்கு 30 முதல் 35 நாள். ஆடி முடிவதற்குள் விதைக்க வேண்டும். தக்காளிக்கு 25 நாள் போதும், ஆவணி 10 வரை பொறுக்கலாம். வெண்டை, அவரை, கொத்தவரைக்கு நாற்று தேவையில்லை, நேரடி விதைப்புதான்.

நாற்றங்கால்

98 குழிகள் கொண்ட நாற்றுத் தட்டில் மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை போடுங்கள். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) என்பது விதை நேர்த்தி அளவு. வீட்டுத் தேவைக்கு ஒரு சிட்டிகைத் தூளைச் சில சொட்டு அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் போதும்.

நாற்று எதனால் சாகிறது என்று குனிந்து பாருங்கள். இலை பச்சையாகவே இருக்கும். மண்ணை ஒட்டிய இடத்தில் மட்டும் தண்டு நூலால் இறுக்கியதுபோல் சுருங்கி, செடி அப்படியே சாய்ந்து கிடக்கும். இதுதான் நாற்றழுகல். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினால் அந்தத் தட்டு முழுவதும் போய்விடும். காலையில் மட்டும் தெளியுங்கள். மாலையில் நனைத்தால் மேல்மண் இரவெல்லாம் ஈரமாகவே கிடக்கும், பூஞ்சணத்துக்கு வேண்டியதும் அதுதான்.

ஆவணி வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை சரி. மேகமூட்டம் தொடங்கியதும் அதே வலையின் கீழ் நாற்றுகள் ஒளி தேடி ஒல்லியாக நீண்டுவிடும். அப்போது வலையைச் சுருட்டிக் கட்டுங்கள். ஆனால் ஒரே நாளில் முழுவதும் எடுத்தால் இலை கருகும். முதலில் காலை 2 மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு வாரத்தில் பழக்க வேண்டும். புயல் அறிவிப்பு வந்தால் வலையைக் கழற்றி வைத்துவிடுங்கள். காற்றுப் பிடித்தால் வலையோடு கம்பங்களும் சேர்ந்து சாயும்.

பாத்தியும் பையும்

ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்புங்கள். 4 மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் சமதளப் பாத்தி வேண்டாம். 3 அடி அகலம், ஓர் அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, இரு பக்கமும் ஓர் அடி அகல வாய்க்காலை இறக்கத்தை நோக்கி வெட்டுங்கள். மணல்சாரி மண்ணுக்கு அரை அடி உயரமே போதும்.

10 கிலோ மக்கிய எருவில் 100 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சணம்) தூளைக் கலந்து, ஈரம் தெளித்து, ஈரச்சாக்கால் மூடி ஒரு வாரம் நிழலில் வைத்த பிறகு பாத்தியில் இடுங்கள். கத்தரிக்கு 60 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம். மழைக்காலத்தில் செடிகளுக்கிடையே காற்றோட்டம் இருப்பது எந்த மருந்தையும்விட மேல். தக்காளிக்கான 5 அடிக் குச்சியை நடும்போதே ஊன்றுங்கள். பின்னால் ஊன்றினால் வேர் அறுபடும்.

மாடித்தோட்டப் பைகளில் நார்க்கழிவைப் பாதியாகக் குறைத்து, அந்த அளவுக்கு ஆற்றுமணல் சேருங்கள். வெயில் காலத்தில் ஈரம் காத்த நார்க்கழிவே ஐப்பசியில் வேரை அழுகவைக்கும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையோடு ஒட்டியிருந்தால் அடித்துளைகள் அடைபட்டுவிடும்.

மழை தொடங்கிய பிறகு

அடைமழைக்கு முன்பு உரம் போடாதீர்கள், கரைந்து ஓடிவிடும். நத்தைக்கு உப்புத் தூவுவதும் கூடாது, மண் கெடும். ஈரச்சாக்கின் அடியில் பப்பாளி இலையை வைத்தால் இரவில் வந்து கூடும், விடியலில் பொறுக்கிவிடலாம்.

பந்தலில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் உரக்குறை என்று முடிவு கட்டாதீர்கள். மழையில் தேனீ வராததால் மகரந்தம் சேராமல் போயிருக்கலாம். அடியில் குட்டிக்காய் உள்ளது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூலகமுடியில் மெல்லத் தடவுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் இதை விடியலில் செய்ய வேண்டும். சுரை, பீர்க்கு, புடலைப் பூக்கள் மாலையில்தான் விரியும். காலையில் போய்த் தடவிப் பயனில்லை.

வேலியோரப் பூச்செடிகளில் துலுக்கச் சாமந்திக்கு நட்ட 30-ஆம் நாள் நுனி கிள்ளினால் பக்கக் கிளை பெருகும். மல்லிகைக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரத்தில். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, காய்ந்த குச்சிகளை நீக்கி, செடிக்கு 10 கிலோ தொழுவுரம் இட்டு மண் அணையுங்கள்.