பள்ளிப்பட்டு, நகரி பக்கம் நிலம் இருக்கிறதா? கணக்கை எங்கே, எப்படித் தேடுவது

நிலத்துக்குக் கணக்கு தேடிக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும் என்றுதான். இந்தப் பக்கம் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, அந்தப் பக்கம் நகரி, புத்தூர், சத்தியவேடு என்று எல்லையை ஒட்டி நிலம் உள்ளவர்கள் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும்: கையில் இருக்கும் பத்திரத்தை எழுதிய அன்றைக்கு இந்த ஊர் எந்த மாநிலத்தில், எந்த மாவட்டத்தில் இருந்தது? இதைச் சரியாகப் பிடித்துவிட்டால் அலைச்சலில் பாதி குறையும்.

திருத்தணி தாலுகா 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1959-ல் நாடாளுமன்றம் போட்ட எல்லை மாற்றச் சட்டத்தின்படி அது அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது, பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. சித்தூர் மாவட்டமே 1911-ல் உருவானது, அதற்கு முன் இந்த ஊர்களில் பல வட ஆற்காட்டில் இருந்தன. இந்தப் பக்கம் திருவள்ளூர் மாவட்டம் 1997-ல் பிரிந்தது. அந்தப் பக்கம் 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது நகரி சித்தூரிலேயே நின்றது, சத்தியவேடு திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. ஆக, உங்கள் தாத்தா 1955-ல் பள்ளிப்பட்டு பக்கம் நிலம் வாங்கியிருந்தால் பத்திரத்தில் சித்தூர் ஜில்லா என்றுதான் இருக்கும், தெலுங்கில் எழுதியிருக்கவும் கூடும். அதைப் பார்த்துவிட்டு இது வேறு ஊர் நிலம் போல என்று ஒதுக்கி வைத்த குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து ஒதுக்காதீர்கள்.

பழைய பத்திரம் கையில் இருந்தால் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பதிவு செய்த சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸின் முத்திரையும், 1-வது புத்தகம், இத்தனாவது வால்யூம், இந்தப் பக்கம் முதல் இந்தப் பக்கம் வரை, இந்த வருஷத்தில் இந்த நம்பர் என்று ஒரு குறிப்பும் இருக்கும். நகல் எடுக்க அந்த ஒரு குறிப்பே போதும், வேறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்திரமே இல்லை என்றால் பின்னால் வந்த பத்திரத்தில் முன் பத்திரத்தின் நம்பரும் வருஷமும் சொல்லப்பட்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் வாசலில் தயங்கி நிற்க வேண்டியதில்லை. 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் 57-வது பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-வது புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம், சான்றிட்ட நகலும் வாங்கலாம். நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. உயில் பதிவாகும் 3-வது புத்தகமும் பலவகைப் பத்திரங்களின் 4-வது புத்தகமும் அப்படியல்ல. உயிலின் நகல், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான், அவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம்; 4-வது புத்தகத்தின் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான். நீ யார், உனக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் 57-வது பிரிவைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, ஒரு நிலத்துக்கு இரண்டு வரிசைக் கணக்கு உண்டு. யார் யாருக்கு விற்றார்கள், அடமானம் வைத்தார்கள், பாகம் பிரித்தார்கள் என்பது பதிவுத் துறையில் இருக்கும், அதன் சுருக்கம்தான் வில்லங்கச் சான்று. யார் பேரில் பட்டா, எவ்வளவு பரப்பு, நஞ்சையா புஞ்சையா, வரைபடம் எப்படி என்பது வருவாய்த் துறையில் இருக்கும். இரண்டும் தனித்தனித் துறைகள், ஒன்றில் மாறினது மற்றதில் மாறாமலே வருஷக்கணக்கில் கிடக்கும். வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்று யாராவது காட்டினால் பட்டாவைக் கேளுங்கள், பட்டா காட்டினால் வில்லங்கத்தைக் கேளுங்கள், இரண்டும் இருந்தால் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் போய் நில்லுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் வேலை கொஞ்சம் சுலபம். அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு கொடுத்தால் பட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் சர்வே நம்பர்வாரியான பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றும் கிடைக்கும், செல்போனுக்கு வரும் ஓடிபி மட்டும் போட வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் கிராமத்தின் பெயர். நாம் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் குடியிருப்பின் பெயர், கணக்கில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயர். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் நாலைந்து கண்டிகையும் காலனியும் அடங்கியிருக்கும். வீட்டு வரி ரசீதில் உள்ள பெயரை வைத்துத் தேடாதீர்கள், பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள கிராமப் பெயரை எடுங்கள், இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும், பத்திரத்தில் ஏக்கர், சென்ட். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏர் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். பட்டாவில் 0-40.50 என்று இருந்தால் அது ஏறக்குறைய சரியாக ஒரு ஏக்கர். பழைய புலப்படத்தில் அளவு லிங்க்ஸில் இருந்தால், 100 லிங்க்ஸ் என்பது 66 அடி.

அ-பதிவேட்டை வெறும் துணைக் காகிதமாக நினைக்காதீர்கள், எனக்கு அதுதான் மிகவும் முக்கியம். அதில் பழைய சர்வே நம்பருக்கு ஒரு தனிப் பத்தி உண்டு. 1979-க்குப் பிறகு எண்பதுகளில் நடந்த யுடிஆர் என்னும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் உட்பிரிவுகள் மாறின, சில இடங்களில் பெயர்களும் தப்பாக ஏறின. உங்கள் பத்திரத்தில் உள்ள பழைய நம்பருக்கும் இன்றைய பட்டாவில் உள்ள நம்பருக்கும் பாலம் அந்தப் பத்திதான். வில்லங்கம் போடும்போதும் பழைய நம்பர், புது நம்பர் இரண்டுக்கும் போடுங்கள், உட்பிரிவுக்கு மட்டும் போட்டு நிறுத்தாமல் தாய் நம்பருக்கும் போடுங்கள். பதிவுத் துறையின் தளத்தில் பெரும்பாலான ஆபீஸ்களுக்கு 1975-லிருந்து இலவசமாகப் பார்க்க முடிகிறது. அதற்கு முந்தையதுக்கு ஆபீஸில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். உங்கள் கிராமம் நடுவில் ஒரு புது ஆபீஸுக்கு மாறியிருந்தால் அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய ஆபீஸையும் கேட்க வேண்டும். 1960-க்கு முந்தைய பத்திரம் என்றால் அந்த ஆபீஸ் இன்றைய எல்லைக்கு அந்தப் பக்கமாகவும் இருக்கலாம், முத்திரை சொல்கிறபடி போங்கள்.

ஆந்திரப் பக்கம் தாலுகா கிடையாது, 1985 முதல் மண்டலம். அந்த மாநில அரசின் நிலக் கணக்குத் தளமான மீபூமியில் மாவட்டம், மண்டலம், கிராமம் தேர்ந்தெடுத்து சர்வே நம்பராலோ காத்தா நம்பராலோ (பட்டாதாரரின் கணக்கு எண்) பட்டாதாரர் பெயராலோ தேடலாம். எல்லாம் தெலுங்கில் வரும். நம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசினாலும் எழுத்து தெரியாதவர்கள் நிறைய, அதற்காகப் புரோக்கரிடம் போக வேண்டாம், அச்சில் உள்ள பக்கத்தைச் செல்போன் கேமராவே மொழிபெயர்த்துக் காட்டிவிடும். மெட்ட என்று இருந்தால் புஞ்சை, மாகாணி என்று இருந்தால் நஞ்சை. பரப்பு ஏக்கர், சென்ட்டிலேயே இருக்கும், 1.25 என்றால் ஒரு ஏக்கர் இருபத்தைந்து சென்ட்.

அங்கே இரண்டு காகிதம் பார்க்க வேண்டும், 1-பி மற்றும் அடங்கல். 1-பி உரிமைக் கணக்கு, ஒருவர் பேரில் அந்தக் கிராமத்தில் உள்ள நிலமெல்லாம் அதில் இருக்கும். அடங்கல் சர்வே நம்பர்வாரியாகப் போகும், அதில் பட்டாதாரர் பெயர் ஒரு பத்தியிலும் அனுபவதாரர் பெயர் பக்கத்துப் பத்தியிலும் இருக்கும். இரண்டு பெயரும் வேறு வேறாக இருந்தால் நின்று விசாரியுங்கள், விற்க வருகிறவர் ஒருவர், நிலத்தில் பயிர் வைத்திருப்பவர் இன்னொருவர் என்று அர்த்தம்.

வில்லங்கம் அந்த மாநிலப் பதிவுத் துறைத் தளத்தில் 1983 முதல் கிடைக்கும், அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் நேரில். அதே தளத்தில் தடை செய்யப்பட்ட சொத்துகளின் பட்டியலும் உண்டு, 22-ஏ என்பார்கள். கிராமமும் சர்வே நம்பரும் கொடுத்து அதைப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். நம் பக்கத்து ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அரசு நிலமற்றவர்களுக்குக் கொடுத்த டி.கே.டி பட்டா நிலம் அந்தப் பக்கம் ஏராளம், அதை விற்கவும் வாங்கவும் 1977-ம் வருஷத்துச் சட்டம் தடை போட்டது. 2023-ல் இருபது வருஷம் கடந்த நிலங்களுக்கு முதலில் பெற்றவருக்கு முழு உரிமை என்று தளர்த்தினார்கள், 2024-ல் ஆட்சி மாறியதும் அந்தப் பதிவுகளை நிறுத்தி வைத்து ஆராயத் தொடங்கினார்கள். டி.கே.டி பட்டாவைக் காட்டி இப்போது தாராளமாக வாங்கலாம் என்று சொல்கிறவரின் பேச்சை நம்பாமல், உங்கள் சர்வே நம்பர் இன்றைக்கு 22-ஏ பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எங்கள் உறவில் ஒரு அத்தை குடும்பம் இப்படி ஒரு நிலத்துக்கு வெள்ளைத்தாளில் ஒப்பந்தம் எழுதி நகை விற்ற பணத்தைக் கொடுத்துவிட்டு இன்றைக்கும் பதிவு செய்ய முடியாமல் நிற்கிறது. சில நிமிஷத் தேடலில் தெரிந்திருக்கும் விஷயம், இதை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம்.

அங்கே 2020 டிசம்பரில் மறு சர்வே ஆரம்பித்தது. அது முடிந்த கிராமங்களில் பழைய சர்வே நம்பர் போய், எல்.பி.எம் (நிலத் துண்டு வரைபடம்) நம்பர் வந்திருக்கும். பழைய நம்பரைப் போட்டால் எதுவும் வரவில்லை என்று பதற வேண்டாம், கிராம சர்வேயரிடமோ மண்டல தாசில்தார் ஆபீஸிலோ பழைய நம்பருக்கு நேரான புது நம்பர் பட்டியல் இருக்கும். புதுப் பரப்பு பழையதைவிடக் குறைந்திருந்தால் அங்கேயே எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இரண்டு பக்கமும் நிலம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். சொத்தின் ஒரு பகுதி எந்த ஆபீஸ் எல்லையில் இருக்கிறதோ அங்கேயே முழுப் பத்திரத்தையும் பதியலாம் என்று பதிவுச் சட்டத்தின் 28-வது பிரிவு இடம் கொடுத்தது. அதனால் பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் பள்ளிப்பட்டு நிலமும் நகரி நிலமும் ஒன்றாகவே இருக்கலாம், எந்தப் பக்கம் பதிந்தார்கள் என்பது அன்றைய வசதி. அதுபோக, முன்பெல்லாம் சென்னை மாவட்டப் பதிவாளரிடம் நாட்டின் எந்த மூலையில் உள்ள சொத்தையும் பதிய முடிந்தது. ஒரு பக்கத்து ஆபீஸில் எதுவும் இல்லை என்று சொன்னால் அடுத்த பக்கத்திலும் சென்னையிலும் தேடின பிறகுதான் இல்லை என்று முடிவு செய்ய வேண்டும்.

இன்னும் பழையது வேண்டும் என்றால் ஜமீன் காலம். இந்தப் பக்கத்து ஊர்களில் பல கார்வேட்டிநகர ஜமீனில் இருந்தவை. 1948-ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு செட்டில்மென்ட் நடந்துதான் ரயத்துவாரி பட்டா (ஜமீன் இடையில் இல்லாமல் அரசே நேரடியாகக் கொடுக்கும் பட்டா) வந்தது, அந்த செட்டில்மென்ட் ஏடுகளை மாவட்ட ஆவணக் காப்பறையில் கேட்க வேண்டும். அங்கே வருவாய்த் துறையின் கணக்கு வருஷமான பசலி வருஷம் எழுதியிருப்பார்கள், 590 கூட்டினால் ஆங்கில வருஷம் ஆரம்பமாகும்: பசலி 1394 என்பது 1984 ஜூலை முதல் 1985 ஜூன் வரை. கிராமக் கணக்கு எழுதிய கர்ணம் பதவி தமிழ்நாட்டில் 1980-லும் ஆந்திராவில் 1984-லும் ஒழிந்தது. அதற்கு முந்தைய கணக்குகளில் கர்ணத்தின் கையெழுத்துதான் இருக்கும், வீட்டில் பழைய வரி ரசீது இருந்தால் பத்திரமாக வையுங்கள், பட்டா நம்பர் அதில் கிடைக்கும்.

வில்லங்கத்தில் வராதவையும் உண்டு. வாய்மொழியாகப் பிரித்த பாகம், பதியாத உயில், பட்டாதாரர் இறந்த பின் வாரிசுகளுக்கு வந்த உரிமை, கோர்ட்டில் நடக்கும் வழக்கு. வழக்குக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டக் கோர்ட்டைத் தேர்ந்தெடுத்துப் பட்டாதாரர் பெயரால் தேடிப் பாருங்கள். கோயில் நிலமா என்ற சந்தேகம் இருந்தால், முருகன் கோயில் ஊரில் அது வரத்தான் செய்யும், இந்து சமய அறநிலையத் துறையின் தளத்தில் 2021 முதல் கோயில் நிலக் கணக்குகள் ஏற்றப்பட்டு வருகின்றன.

நேரில் போகும்போது வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். கிராமம், பழைய நம்பர், புது நம்பர், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, யார் யார் பெயர் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கையால் தேடும்போது சர்வே நம்பர் அட்டவணையில் கிடைக்காதது பெயர் அட்டவணையில் கிடைக்கும், ஆகவே தாத்தா பெயரோடு அவருடைய அப்பா பெயரையும், தெலுங்கில் எழுதினால் எப்படி வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஏடு கிடைக்கவில்லை என்று சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு, தமிழ்நாட்டில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அவசரம் இல்லாதவர்கள் மே, ஜூனில் தாலுகா ஆபீஸில் நடக்கும் ஜமாபந்தி (கிராமக் கணக்குகளின் வருடாந்தரத் தணிக்கை) நாளைப் பார்த்துப் போங்கள், அன்றைக்கு உங்கள் கிராமத்துக் கணக்கெல்லாம் வி.ஏ.ஓ.வோடு அங்கேயே வந்திருக்கும், மனுவும் அதிகாரியின் கைக்கே போகும்.