ஊதா விளிம்பும் ஈடி முத்திரையும்: லென்ஸ் கண்ணாடி பற்றிச் செய்யும் தவறுகள்

மரக்கிளை ஓரத்தில் ஊதாக் கோடு தெரிந்ததுமே லென்ஸைக் குறை சொல்லிவிடுகிறோம். நிறங்கள் ஒரே இடத்தில் சேராமல் விளிம்பில் கோடாகத் தெரியும் இந்தக் குறைக்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது.

முதல் வகையில் நீலமும் சிவப்பும் வெவ்வேறு தூரத்தில் குவியும். படத்தின் நடுவிலும் இது தெரியும். ஃபோகஸுக்கு முன்னால் இருப்பவை மஜெந்தாவாகவும் பின்னால் இருப்பவை பச்சையாகவும் விளிம்பு கட்டும். அப்பர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை, எஃப் 1.4இலிருந்து எஃப் 4க்கு மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டாவது பக்கவாட்டு வகை. பிம்பத்தின் அளவே நிறத்துக்கு நிறம் சற்று மாறுவதால் வருவது. நடுவில் இருக்காது, மூலைக்குப் போகப் போகக் கூடும். எஃப் 11 வரை மூடினாலும் மசியாது.

எது என்று அறிய, ஓர் அளவுகோலை 45 டிகிரி சாய்த்து வைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்யுங்கள். முன்கோடுகளும் பின்கோடுகளும் நிறம் மாறினால் முதல் வகை.

பக்கவாட்டு வகையை மென்பொருள் சுலபமாகச் சரிசெய்யும். ஆனால் அந்தக் கணக்கு படத்தின் மையத்தை வைத்தே நடப்பது. ஓரம் வெட்டிச் சேமித்த ஜேபெக்கில் செய்தால் மையம் இடம் மாறியிருக்கும், திருத்தமும் தப்பும். கேமரா பதிவுசெய்த, வெட்டாத ரா கோப்பிலேயே முடித்துவிடுங்கள். ஊதா நீக்கும் ஸ்லைடரை அதிகம் இழுத்தால் நிஜமான ஊதாப் பூவும் வெளுத்துப்போகும்.

அடுத்த தவறு, லென்ஸில் 'ஈடி' (நிறத்தை மிகக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி) என்று பொறித்திருந்தால் கவலையில்லை என்று நம்புவது. நிறத்தைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடிக்கு அபே எண் அதிகம்: பிகே7 என்ற கிரவுன் வகைக் கண்ணாடிக்கு 64, நிறத்தை அதிகம் பிரிக்கும் எஃப்2 என்ற ஃபிளின்ட் வகைக்கு 36, ஃபுளோரைட் படிகத்துக்கு 95. குவிந்த கிரவுனையும் குழிந்த ஃபிளின்ட்டையும் சேர்த்தால் இரண்டு நிறங்கள் ஒரே இடத்தில் குவியும். மிச்சம் கொஞ்சம் நிற்கும். அந்த மிச்சத்தைக் குறைக்கத்தான் ஈடியும் ஃபுளோரைட்டும். தனியாக ஒரு துண்டு எதையும் சாதிக்காது; எங்கே உட்கார்ந்திருக்கிறது, எதனோடு ஜோடி என்பதுதான் பேச்சு.

ஃபுளோரைட் சூட்டில் பிகே7ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். அப்போது ஃபோகஸ் ஆகும் இடமும் நகரும். பெரிய டெலிஃபோட்டோ (தொலைவுக் காட்சி) லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியை (மிகத் தொலைவுக்கான குறியை) தாண்டியும் சுழல இதுவும் ஒரு காரணம். நட்சத்திரம் எடுக்கும்போது வளையத்தைக் கடைசிவரை திருகி நிறுத்தாதீர்கள். திரையில் 10 மடங்கு பெருக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் விடுங்கள்.