ராணுவப் பல் மருத்துவராக வெளிநாட்டுப் பணிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளம் கேப்டன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பல் மருத்துவம் முடித்து ராணுவத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது அவருக்கு. ஐ.நா. அமைதிப்படைக்குக் கிளம்பவிருந்த ஒரு கம்பெனிக்குப் பல் பரிசோதனை. வீரர்கள் ஒவ்வொருவராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி, டார்ச், "வலி ஏதாவது இருக்கா?", "இல்ல சார்", கையெழுத்து. ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம். மதியச் சாப்பாட்டுக்கு முன் 60 பேரை முடித்துவிட்டு நிம்மதியாக நிமிர்ந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் வயதில் நானும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை நம்பி, அதே வேகத்தில் கையெழுத்துப் போட்டவன்.

அன்று ராத்திரி எழுத ஆரம்பித்த குறிப்புகள் இவை. கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது, மரத்துப்போகும் ஊசிக்கு முன் ஒவ்வாமை பற்றிக் கேட்பது போன்றவற்றைக் கல்லூரியிலேயே மண்டையில் ஏற்றியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒப்பந்தத்தில் உதவித்தொகைப் பக்கத்தை மட்டும் படிப்பது

படிப்புச் செலவை ராணுவம் ஏற்கிறது என்றதும் பலர் மீதிப் பக்கங்களைப் புரட்டுவதில்லை. அமெரிக்காவில் மருத்துவம், பல் மருத்துவம் படிப்பவர்களுக்கான ராணுவ உதவித்தொகைத் திட்டத்தில், உதவி பெற்ற ஒவ்வொரு வருடத்துக்கும் ஏறக்குறைய ஒரு வருடம் பணி செய்ய வேண்டும். குறைந்தபட்ச வருடக் கணக்கு தனியாக உண்டு. அதன் பிறகு ராணுவத்திலேயே சிறப்புப் பயிற்சிக்குப் போனால், அந்தப் பயிற்சிக் காலம் இந்தப் பணிக்கடனில் கழியாது. நாலு வருடம் என்று நினைத்துச் சேர்ந்தவருக்கு எட்டாவது வருடமும் சீருடை உடம்பில் இருக்கும். எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கடன் எந்தத் தேதியிலிருந்து கழிகிறது, மேற்படிப்பு அதில் சேருமா, வெளிநாட்டுப் போஸ்டிங்கை மறுக்க உரிமை உண்டா. ஆள் சேர்க்கும் அதிகாரி வாயால் சொன்னது எதுவும் பின்னால் செல்லாது.

"வலி இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது

மற்ற எல்லாத் தவறுகளையும் மன்னித்துவிடுவேன். இதைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

அமெரிக்கப் படைகளும் நேட்டோ நாடுகளின் படைகள் பலவும் வீரர்களின் பல்நிலையை நான்கு வகுப்பாகப் பிரிக்கின்றன. முதல் வகுப்புக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. இரண்டாம் வகுப்புக்குச் சிகிச்சை தேவை. ஆனால் அடுத்த 12 மாதத்துக்குள் அவசர நிலை வராது என்று எதிர்பார்க்கிறோம். மூன்றாம் வகுப்பு என்றால் 12 மாதத்துக்குள் வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். நான்காம் வகுப்பு, பரிசோதனையே நடக்காத ஆள். முதல் இரண்டு வகுப்பும் கிளம்பலாம். மற்ற இரண்டும் சரியாகும்வரை கிளம்பக் கூடாது.

இதில் வலி என்ற சொல் எங்கேயாவது வருகிறதா? கேட்கப்படுவதெல்லாம் அந்த 12 மாதம்தான். வருகிற ஒரு வருடத்தில், பல் மருத்துவரே இல்லாத ஒரு முகாமில் இந்த வாய் என்ன செய்யும் என்று நாம் சொல்ல வேண்டும். "இப்போது வலிக்கிறதா" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தாலும் அந்தக் கணக்கை அதை வைத்துப் போட முடியாது. நேர்மையான பதில் கிடைப்பதும் அரிது. வெளிநாட்டுப் பணிக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவன் வலியை மறைப்பான். போக விரும்பாதவன் இல்லாத வலியைச் சொல்வான்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வாகன ஓட்டி. 23 வயது. கீழ்த்தாடையின் இடது பக்க ஞானப்பல் பாதி முளைத்து, அதன் மேல் ஈறு ஒரு மூடி மாதிரி படிந்திருந்தது. பார்த்தேன். இளஞ்சிவப்பாக, வீக்கமில்லாமல் இருந்தது. "வலிச்சிருக்கா தம்பி?" "இல்ல சார்." இரண்டாம் வகுப்பு என்று எழுதினேன். வெளியே இன்னும் முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

பதினோராவது வாரம் அவர் ஓர் எல்லைச் சாவடியில் இருந்தார். ஐ.நா. பணிகளில் முதல் நிலை மருத்துவ முகாமில் பல் மருத்துவர் கிடையாது. இரண்டாம் நிலை மருத்துவமனையிலிருந்துதான் உண்டு. சாவடியிலிருந்து நான் இருந்த இரண்டாம் நிலை மருத்துவமனைக்கு வண்டியில் ஆறு மணி நேரம். மழையில் பாதை போய்விட்டது. அங்கிருந்த மருத்துவ உதவியாளர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டை மாதிரி வீங்கிவிட்டது. நாலாம் நாள் ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். அவரால் படுக்க முடியவில்லை. நாக்கு மேலே தள்ளியிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் ஒரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். லட்விக் ஆஞ்சைனா, அதாவது நாக்குக்கு அடியில் வேகமாகப் பரவும் தொற்று, என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அன்றுதான் நேரில் பார்த்தேன். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கும். அவர் விழித்திருக்கும்போதே மயக்க மருத்துவர் மூச்சுக்குக் குழாய் செலுத்தினார், அறுவை மருத்துவர் கழுத்தில் கீறிச் சீழை வடித்தார். பிழைத்துக்கொண்டார்.

குழாயை எடுப்பதற்கு முன் ஒரு தாள் கேட்டு வாங்கி எனக்கு எழுதிக் காட்டினார்: "சார், பொய் சொல்லிட்டேன். போன வருஷம் ரெண்டு தடவை வீங்கிச்சு."

அந்தத் தாளை வைத்திருக்கிறேன். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஈறு மூடியைக் கண்ணால் பார்த்தவன் நான். அதன் அடியில் உணவும் கிருமியும் தங்கும், மறுபடி மறுபடி வீங்கும் என்று தெரிந்தவனும் நான். ஒரு எக்ஸ்ரே எடுத்து, நாலு கேள்வி கேட்டிருந்தால் வெளிவந்திருக்கும். "ஆளே மறைச்சா நாம என்ன பண்றது?" என்று இளையவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது.

இப்போது நான் கேட்பது வேறு. "நேத்து ராத்திரி எந்தப் பக்கம் மென்னு சாப்பிட்டீங்க?" "பல்லுக்குன்னு கடைசியா எப்ப மாத்திரை போட்டீங்க, யார் கொடுத்தாங்க?" "குளிர்ந்த தண்ணி எந்தப் பல்லுல படாம குடிப்பீங்க?" இல்லை என்ற ஒரே சொல்லால் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. வாய்க்குள் பார்க்கும்போது பல்லில் படியும் காரை எந்தப் பக்கம் தடித்திருக்கிறது என்று கவனிக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் படிந்திருந்தால் அந்தப் பக்கம் மெல்வதில்லை என்று அர்த்தம். ஏன் என்று தேட வேண்டும். பாதி முளைத்த ஞானப்பல்லின் ஈறு மூடியை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். இரண்டு கடைவாய்ப்பற்கள் ஒட்டும் இடத்துச் சொத்தை டார்ச்சுக்குத் தெரியாது; அதற்கு எக்ஸ்ரேதான் வழி. பல்லுக்கு உறையாகப் போட்ட பழைய கிரவுனுக்கு அடியிலும் அப்படியே.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். ஆகவே கிளம்பும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே பரிசோதனையைத் தொடங்குங்கள். ஞானப்பல் எடுத்தால், எலும்புக்குழி காய்ந்து கடும் வலி வருவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அந்த நாட்களில் ஆள் உங்கள் பார்வையில் இருக்க வேண்டும், விமானத்தில் இருக்கக் கூடாது. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே எடுத்து முடித்துவிடுவது என் வழக்கம்.

கமாண்டர் அழுத்தம் கொடுப்பார். "இவரை நிறுத்தினால் வண்டி ஓட்ட ஆளில்லை" என்பார். அவரிடம் தகுதியற்றவர்கள் பட்டியலைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தத் தேதியில் தயாராவார் என்று எழுதிக் கொடுங்கள். அதை வைத்து அவரால் திட்டம் போட முடியும். சண்டை பாதியாகக் குறைந்துவிடும். வீரர்களிடமும் மூன்றாம் வகுப்பு தண்டனை இல்லை, சரிசெய்தால் மாறிவிடும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயம் போனால் பாதிப் பேர் தாங்களாகவே வாய் திறப்பார்கள்.

1914 ஆகஸ்டில் பிரான்ஸுக்குப் போன பிரிட்டிஷ் படையோடு ஒரு பல் மருத்துவர்கூடப் போகவில்லை. சில வாரங்களில் படைத் தளபதிகளில் ஒருவரான டக்ளஸ் ஹெய்குக்கே பல்வலி வந்து, பாரிஸிலிருந்து மருத்துவரை வரவழைத்தார்கள். அதன் பிறகுதான் பல் மருத்துவர்களைப் போர்முனைக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். தனிப் பல் மருத்துவப் பிரிவு 1921-இல்தான் அமைந்தது. தளபதிக்கு வந்த வலிக்குப் பாரிஸிலிருந்து ஆள் வருவார். வாகன ஓட்டிக்கு வர மாட்டார்.

கிளம்பும் நேரத்தில் வேர் சிகிச்சையைத் திறப்பது

முடிக்க நேரம் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். தற்காலிக அடைப்போடு யாரையும் விமானம் ஏற்றாதீர்கள்.

பல்லுக்கு எண்ணை மட்டும் எழுதி அனுப்புவது

பல நாட்டுப் படைகள் ஒன்றாக இருக்கும் இடத்தில் இது ஆபத்து. உலகில் பெரும்பாலோர் பயன்படுத்தும் ஈரிலக்க முறையில் 18 என்றால் மேல்தாடை வலது ஞானப்பல். அமெரிக்க முறையில் அதே 18 கீழ்த்தாடை இடது இரண்டாம் கடைவாய்ப்பல். "18-ஐ எடுக்கவும்" என்று ஒரு சீட்டு வந்து, அதை எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று நீங்கள் பார்க்காவிட்டால், நல்ல பல் ஒன்று தட்டில் விழும். எண்ணோடு பெயரையும் எழுதுங்கள்: மேலே, வலது, மூன்றாம் கடைவாய். நாலு சொல்தான்.

பெரிய பெட்டியை எண்ணிவிட்டுச் சின்னப் பொட்டலத்தை மறப்பது

நாற்காலி வந்ததா, கம்ப்ரசர் வந்ததா என்று எல்லோரும் பார்ப்பார்கள். என் முதல் வெளிநாட்டுப் பணியில் எல்லாம் வந்தது. மூன்றாவது வாரம், ட்ரில்லின் கைப்பிடியான ஹேண்ட்பீஸ் பொருந்தும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் விரிந்துவிட்டது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. காற்று அதன் வழியே கசிந்து ட்ரில்லின் வேகம் விழுந்தது. மாற்று வளையம் வர 19 நாள் ஆனது. அந்த 19 நாளும் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்ட் வைத்து அடைத்தேன். 1980-களில் தான்சானியாவில் மின்சாரம் இல்லாத இடங்களுக்காக உருவான முறை அது. கல்லூரியில் ஒரு மதியம் மட்டும் பழகியிருந்தேன். நீங்கள் கிளம்பும் முன் அதை முறையாகப் பழகிக்கொள்ளுங்கள்.

ரப்பர் வளையங்கள், ஃபியூஸ், காய்ச்சி வடித்த தண்ணீர், வோல்டேஜ் மாற்றி. மருந்துக்கு இடமும் யோசியுங்கள். ஈரக்காற்றில் பொடிகள் கட்டிதட்டும். வெயிலில் நிற்கும் கண்டெய்னருக்குள் மரத்துப்போகும் மருந்தின் வீரியம் குறையும். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் அதில் தண்ணீர் பாட்டில் இருக்கும்.

'நான் பல் டாக்டர்தானே' என்று ஒதுங்குவது

ஒரே நேரத்தில் இருபது பேர் காயப்பட்டு வந்தால் உங்கள் நாற்காலி யாருக்கும் தேவைப்படாது. உங்கள் கை தேவைப்படும். முகக் காயம், தாடை முறிவு, மூச்சுப் பாதை, ரத்தப்போக்கு, யாரை முதலில் எடுப்பது என்ற வரிசை: இவற்றில் பயிற்சி எடுக்காமல் போகாதீர்கள்.

பென் சாலமன் அமெரிக்கத் தரைப்படையின் பல் மருத்துவர். 1944 ஜூலையில் சைபான் தீவில் பட்டாலியன் மருத்துவர் காயப்பட்டபோது அந்த இடத்துக்குத் தானாக முன்வந்து போனார். ஜூலை 7 அன்று எதிரிகள் மருத்துவக் கூடாரத்துக்குள்ளேயே நுழைந்துவிட, காயப்பட்டவர்களைப் பின்னால் அனுப்பிவிட்டு இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து அவர்கள் தப்ப வழிசெய்து இறந்தார். செஞ்சிலுவைப் பட்டை அணிந்தவர் ஆயுதம் ஏந்தலாமா என்ற கேள்வியில் அவருக்கான பதக்கம் தள்ளிப்போனது, 2002-இல்தான் கிடைத்தது. 1949 ஜெனிவா ஒப்பந்தம் இதில் தெளிவாக இருக்கிறது: மருத்துவப் பணியாளர் தன்னையும் தன் நோயாளிகளையும் காக்க ஆயுதம் வைத்திருக்கலாம். அந்தப் பகுதியை விமானத்திலாவது படித்துவிடுங்கள்.

ஊர் மக்களுக்கு ஒருநாள் முகாம்

மறுவாரம் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் பல்லைப் பிடுங்காதீர்கள்.

"பற்கள் நலம்" என்று எழுதுவது

ஒரு வண்டி எரிந்தது. இரண்டு உடல்கள் வந்தன. முகத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. இரண்டு பல் மருத்துவக் கார்டுகளைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்தேன். ஒன்றில், முன்பு பார்த்த மருத்துவர் ஒவ்வொரு ஃபில்லிங்கும் பல்லின் எந்தப் பரப்பில் இருக்கிறது என்று வரைந்து வைத்திருந்தார், எக்ஸ்ரேயும் இருந்தது. ஒரு மணி நேரத்தில் பெயரைச் சொல்லிவிட்டேன். இன்னொன்றில் "பற்கள் நலம்" என்ற ஒரே வரிதான். அந்தக் குடும்பம் மரபணுச் சோதனை முடிவு வரும்வரை மூன்று வாரத்துக்கு மேல் காத்திருந்தது.

அந்த இளம் கேப்டனின் 60 கார்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். 41-இல் "பற்கள் நலம்" என்றுதான் இருந்தது. கம்பெனி கிளம்ப இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வீதம் திரும்பக் கூப்பிட்டு இருவருமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதல் மூன்று நாளில் பாதி முளைத்த ஞானப்பல் இரண்டு கிடைத்திருக்கிறது. அவர்களில் ஒருவருக்கு நாளை காலை எடுக்கிறோம். எடுக்கப்போவது அந்தக் கேப்டன்.