சயின்ஸா ஆர்ட்ஸா: பாலக்காட்டில் டிகிரி சேர்பவர்கள் மைனர் எடுப்பது எப்படி

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பிளஸ் டூ முடித்த வீடுகளில் இன்னும் "சயின்ஸா, ஆர்ட்ஸா?" என்றே கேட்கிறார்கள். 2024-இல் கேரளத்தில் நான்காண்டு டிகிரி வந்த பிறகு, மைனர் (மேஜர் என்னும் முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடம்) எது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாலக்காட்டுக் கல்லூரிகள் சேர்ந்திருக்கும் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில், நான்காம் ஆண்டுக்குப் போகாமல் மூன்றாண்டோடு முடிக்க 133 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி). மேஜருக்கு 68, மைனருக்கு 24, மொழியும் மற்ற பொதுத் தாள்களும் 39, இன்டர்ன்ஷிப் 2. மைனர் என்பது 4 கிரெடிட் தாள்கள் ஆறு. முதல் மூன்று செமஸ்டரிலும் இரண்டிரண்டாக வந்து முடிந்துவிடும். யோசிக்க நேரம் இருக்கிறது என்று முதல் செமஸ்டரைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

ஆறையும் ஒரே டிபார்ட்மென்டில் எடுங்கள். மூன்று மூன்றாகப் பிரித்தால் இரண்டு பாடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2024 முதுகலைப் பாடத்திட்டச் சட்டகப்படி, மைனராகப் படித்த பாடத்திலும் பி.ஜி. சேரலாம். பி.ஏ. தமிழோடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பி.எஸ்சி. பாட்டனியோடு ஹிஸ்டரி என்று போவதற்கு வழி இதுதான். ஆனால் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் தகுதி விதியில் எத்தனை கிரெடிட் கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே பாருங்கள்.

தாளைத் தேர்வதற்குமுன் சிலபஸில் அந்தத் தாளின் முதல் அட்டவணையைப் படியுங்கள். முன்னறிவு என்ன வேண்டும், வாரம் எத்தனை மணி நேரம் என்று அதிலேயே இருக்கும். பிளஸ் டூவில் ஹியூமானிட்டீஸ் எடுத்தவர் கால்குலஸ் கேட்கும் தாளில் மாட்டிக்கொள்வது இதைப் படிக்காததால்தான். லேப் இருக்கிறதா என்றும் பாருங்கள்: தியரி ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி, லேப் ஒரு கிரெடிட்டுக்கு 2 மணி. 3 கிரெடிட் தியரியும் 1 கிரெடிட் லேபும் உள்ள தாள் வாரம் 5 மணி நேரம் பிடிக்கும். கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

புதிய பாடம் பயமாக இருந்தால் எம்.டி.சி.யில் (மல்டி டிசிப்ளினரி கோர்ஸ், அதாவது பிற துறைத் தாள்) தொடங்கலாம். 3 கிரெடிட் தாள், முதல் மூன்று செமஸ்டரிலும் ஒவ்வொன்று. பிளஸ் டூவில் படிக்காத பாடமாக எடுக்க வேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்தே நடத்துவார்கள். இரண்டாம் செமஸ்டர் முடிவில் மேஜரை மாற்றவும் வழி உண்டு. சீட் காலியாக இருக்க வேண்டும். மாறும் பாடத்தையும் மைனராகவோ எம்.டி.சி.யாகவோ ஏற்கெனவே படித்திருக்க வேண்டும். எனவே மனதில் சந்தேகமாக நிற்கும் பாடத்தையே மைனராக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அட்மிஷனுக்கு முன்பே கல்லூரிக்குப் போய், எந்த டிபார்ட்மென்ட் எந்த மைனரை, எத்தனை பேருக்குத் தருகிறது என்று கேளுங்கள். பல்கலைக்கழகப் பட்டியலில் இருப்பதெல்லாம் உங்கள் கல்லூரியில் இருக்காது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் டிபார்ட்மென்ட் உண்டு. சயின்ஸ் மேஜர்காரர்கள் அதையும் விசாரிக்கலாம்.

பொள்ளாச்சி, கோவைக் கல்லூரிகளில் கதை வேறு. அங்கே அலைடு (மைனர் போன்ற துணைப்) பாடத்தைப் பெரும்பாலும் டிபார்ட்மென்டே முடிவு செய்துவிடும். கேரளத்தில் டிகிரி முடித்து அங்கே பி.ஜி.க்குப் போகும் எண்ணமிருந்தால், மைனர் தாள்களின் சிலபஸை செமஸ்டர் வாரியாக டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மார்க் லிஸ்ட்டில் தாளின் பெயர்தான் இருக்கும். உள்ளே என்ன படித்தீர்கள் என்று கேட்டால் காட்ட அது வேண்டும்.