பங்களா திருத்தும்போது குசினிப் பக்கத்து மண்ணைப் பாருங்கள்

தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாக்கள் பல இப்போது ஹோட்டலாகின்றன. தரையைப் பெயர்ப்பார்கள், குழாய் போடக் கான் வெட்டுவார்கள், மலசலகூடக் குழி தோண்டுவார்கள். அப்போது பக்கத்திலேயே நின்று, மண்ணுக்குள் இருந்து வருவதைப் பார்த்துப் பதிந்து வைப்பதுதான் தொல்லியல் கண்காணிப்பு. நான் ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் இந்த வேலை செய்கிறேன். லயத்தில் பிறந்தவன்.

புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு முதலில் சொல்வது இதுதான்: ஒரே ஆளாக நின்று பார்க்க வேண்டியிருந்தால் முன்வாசலை விடுங்கள், குசினிப் பக்கம் போங்கள். தோட்டத்தை நடத்திய துரை குடும்பத்தின் கதை கடிதத்திலும் போட்டோவிலும் கிடைக்கும். சமைத்த அப்பு, குதிரை பார்த்தவர், தண்ணீர் சுமந்த பிள்ளைகள் எல்லாம் செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில், ஒரு பெயராக இருந்தாலே பெரிய விஷயம். அவர்கள் சாப்பிட்டதும் உடைத்ததும் தொலைத்ததும் பின்பக்கத்து மண்ணில் கிடக்கின்றன.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பண்டைய கட்டடங்களுக்கு 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. தோட்டத்துப் பங்களாக்கள் அதற்குப் பிந்தியவை. தனியாக வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாப்பு. ஆகவே கொந்தரப்பு எழுதும்போதே ‘கண்காணிப்பவர் சொன்னால் அந்த இடத்தில் வேலை நிற்கும்’ என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் வேலைக்கு இறங்க வேண்டாம்.

தொடங்குமுன் தோட்டத்து வயதானவர்களோடு பங்களாவைச் சுற்றி நடங்கள். பழைய குசினி எங்கே இருந்தது, குப்பை எங்கே கொட்டினார்கள், லாயம் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியும். கையால் ஒரு படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்தால் பல் இல்லாத பக்கெட் போடச் சொல்லுங்கள். பல் மண்ணைக் கிழித்துவிடும், நிற வேறுபாடு தெரியாது. ஒரு தடவைக்குப் பத்து சென்டிமீட்டர் வழித்தால் போதும். சாரதி உங்களைப் பார்க்கும் இடத்தில் நில்லுங்கள். ஆழமான கானுக்குள் பலகை முட்டுக் கொடுக்காமல் இறங்கவே கூடாது. மழைக்குப் பின் நம் மலை மண் சொல்லாமல் சரியும்.

கான் வெட்டியதும் பக்கச் சுவரைக் கரண்டியால் சுத்தமாக வழியுங்கள். காய்ந்திருந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், நிறம் எழும்பி வரும். மேலே சீமெந்துத் தூள், அதன் கீழ் செம்மண் நிரப்பு, அதற்கும் கீழ் விரல் கனத்துக்குக் கறுப்பாகச் சாம்பலும் கரியும். அந்தக் கறுப்புப் பட்டையைக் கண்டால் “பாஸ், கொஞ்சம் நிப்பாட்டுங்க” என்று உடனே சொல்லுங்கள். மம்பட்டியை வைத்துவிட்டுச் சின்னக் கரண்டி எடுக்க வேண்டிய இடம் அது. சட்டி ஓடு, நீலப்பூப் பீங்கான், கோழி எலும்பு, பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு என்று எல்லாம் கலந்து வரும். அந்த வளையல் துரைசாணி கையில் கிடந்ததாக இருக்காது. எண் பொறித்த தகர வில்லை ஏதும் வந்தால் துரு என்று வீசிவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்களுக்கு அடையாளமாகக் கொடுத்த தகரத் துண்டாக இருக்கலாம்.

குழியின் வயதை அதில் உள்ள மிகப் புதிய பொருள்தான் சொல்லும். 1870 என்று பொறித்த செப்புச் சதம் கிடைத்தால் குழி அந்த ஆண்டுக்குப் பிந்தியது, அவ்வளவுதான். அதோடு பிளாஸ்டிக் பொத்தான் இருந்தால் கணக்கே மாறிவிடும். கூரை ஓடும் அப்படித்தான். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஓட்டில் அதன் முத்திரை இருந்தால் அது கூரையின் வயதுக்கு ஒரு வரம்பு தரும். சுவர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். சுவருக்குச் சாந்தைப் பாருங்கள்: பழைய சுண்ணாம்புச் சாந்து நகத்துக்கு உதிரும், பிந்திய சீமெந்து உதிராது.

பண்டாரவளைப் பக்கம் அத்திவாரத்துக்கும் கீழே கண் வையுங்கள். அந்த மலை உச்சிகளில் கற்கால மனிதர் செதுக்கிய குவார்ட்ஸ் கருவிகள் கிடைத்திருக்கின்றன. கூரான விளிம்போடு சின்னச் சின்ன வெள்ளைக்கல் சில்லுகள் ஒரே இடத்தில் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மனித எலும்பு என்றால் முதலில் பொலிஸ்.

கான் இலக்கம், திகதி எழுதிய பலகை, அளவுகோல், வடக்குக் குறி மூன்றும் ஒவ்வொரு படத்திலும் இருக்கட்டும். எந்த மண் படையில் கிடைத்தது என்பதைப் பையின் மேலேயே எழுதுங்கள். இரும்பைக் கழுவ வேண்டாம். ஒன்றும் கிடைக்காத கானையும் ‘ஒன்றும் இல்லை’ என்று பதியுங்கள். அடுத்து தோண்ட வருபவருக்கு அது பெரிய உதவி.

அறிக்கையில் ஒரு பிரதி உரிமையாளருக்கு, ஒன்று திணைக்களத்துக்கு. இன்னொன்றைத் தமிழில் சுருக்கி எழுதி, படங்களைப் பெரிதாக அச்சடித்து, தோட்டப் பாடசாலைக்குக் கொடுங்கள்.